பாக்டீரியாவோட சர்க்கரை உறையும் அதை வச்சு செய்யற தடுப்பூசிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்றரை மாசத்துல குழந்தைக்கு இடது தொடைல பென்டாவேலன்ட் (அஞ்சு நோய்க்கு ஒரே ஊசி), வலது தொடைல பிசிவி (நிமோனியா தர்ற நிமோகாக்கஸ்ங்கற கிருமிக்கான ஊசி) போடறாங்க இல்லையா, அந்த ரெண்டு ஊசிக்குள்ளயும் பொதுவா ஒரு சமாச்சாரம் இருக்கு, பாக்டீரியா மேல இருந்து பிரிச்செடுத்த சர்க்கரை. இப்ப வர்ற டைபாய்டு ஊசியும் அதே ரகம் தான். இதைப் பத்தி அப்பா அம்மாக்களும் நர்சிங், லேப் டெக்னீஷியன் படிக்கற பசங்களும் திரும்பத் திரும்ப கேக்கறதை இங்க ஒரே இடத்துல போட்டிருக்கேன். நான் மைக்ரோபயாலஜி லேப் ஆளு, அதனால பதில் எல்லாம் கொஞ்சம் லேப் பக்கமா தான் சாயும்.

பாக்டீரியா மேல சர்க்கரையா? புரியலையே.

ஆமாங்க, சர்க்கரை தான், ஆனா டீல கலக்கற சர்க்கரை இல்ல. குளுக்கோஸ், கேலக்டோஸ், ரிபோஸ்னு சின்னச் சின்ன மூலக்கூறுங்க நூத்துக்கணக்குல ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு நீள நீளமா சங்கிலியா இருக்கும், பாலிசாக்கரைடுன்னு பேரு. வெண்டைக்காய் நறுக்கறப்ப கத்தில நூல் நூலா வழவழன்னு வருதே அதுவும் பாலிசாக்கரைடு தான், அந்த மாதிரி ஒரு வழவழப்பை சில பாக்டீரியா தானே சுரந்து தன்னைச் சுத்திப் போத்திக்கும். இதைத் தான் கேப்சூல்ங்கறோம், உறைன்னு வச்சுக்கலாம். பெரும்பகுதி தண்ணி, அதனால கிராம் ஸ்டெயின்ல (பாக்டீரியாவை ரெண்டு ரகமா பிரிச்சுக் காட்டற லேப் சாயம்) நிறம் பிடிக்காது. ஸ்லைடுல ஒரு சொட்டு இந்தியா இங்க் விட்டுப் பாத்தா எல்லா இடமும் கருப்பா இருக்க, பாக்டீரியாவைச் சுத்தி மட்டும் வெளுப்பா ஒரு வளையம் தெரியும், அது தான் உறை.

ஈ கோலை, சால்மொனெல்லா, ஷிகெல்லா மாதிரி கிராம் நெகட்டிவ் ஆளுங்களுக்கு (கிராம் ஸ்டெயின்ல சிவப்பா தெரியற ரகம்) வெளிச்சவ்வுலயே லிப்போபாலிசாக்கரைடுன்னு ஒண்ணு இருக்கும், அதுல வெளில நீட்டிக்கிட்டு இருக்கற சர்க்கரைச் சங்கிலிக்கு ஓ ஆன்டிஜென்னு பேரு. ஈ கோலை ஓ157னு பேப்பர்ல படிச்சிருப்பீங்க, அந்த ஓ இது தான். சிலதுக்கு உறையும் உண்டு, ஓ ஆன்டிஜெனும் உண்டு.

மைக்ரோஸ்கோப் இல்லாம வெறும் கண்ணால தெரியுமா?

தெரியும், அது தான் இதுல எனக்குப் பிடிச்ச விஷயமே. நிமோகாக்கஸை பிளட் அகர் பிளேட்ல (ரத்தம் கலந்த வளர்ப்புத் தட்டு) வளத்தா காலனி, அதாவது கிருமி பெருகி உண்டாகற புள்ளி, சின்னதா இருக்கும், சுத்தி பச்சை அடிக்கும், நேரம் ஆக ஆக நடுவுல குழி விழும். ஆனா அதுலயே டைப் 3ங்கற உறை வகை வந்துச்சுன்னா கதையே வேற, பெருசா, ஈரமா, பளபளன்னு, பக்கத்து காலனியோட ஒண்ணா கலந்து ஓடியிருக்கும், ஏன்னா அது அவ்வளவு சர்க்கரை சுரக்குது. கிளெப்சியெல்லாங்கற இன்னொரு பாக்டீரியாவுல சில வகை இன்னும் மோசம், லூப்பை (சின்ன கம்பி வளையம்) காலனில தொட்டு மெதுவா மேல தூக்கினா அறுபடாம நூலா கூடவே வரும், 5 மில்லிமீட்டரைத் தாண்டினா ஸ்ட்ரிங் டெஸ்ட் பாசிட்டிவ்னு எழுதுவோம். நல்லா இருந்த ஆளுக்கு திடீர்னு கல்லீரல்ல சீழ் கட்டி வருதே, அந்த மாதிரி கேஸ்கள்ல இந்த ரகத்தை அடிக்கடி பாக்கலாம்.

சரி, உறை இருந்தா அதுக்கு என்ன லாபம்?

நம்ம ரத்தத்துல காம்ப்ளிமென்ட்னு ஒரு புரோட்டீன் கூட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. அது கிருமி மேல போய் ஒட்டும், வெள்ளணு அந்த ஒட்டின புரோட்டீனைப் பிடிச்சுத் தான் கிருமியை விழுங்கும். உறை இருந்தா என்ன ஆகுதுன்னா, காம்ப்ளிமென்ட் உள்ள செல் சுவர் வரைக்கும் போய் ஒட்டினாலும் உறைக்கு அடில மாட்டிக்குது, வெளில நிக்கற வெள்ளணுவுக்கு எட்டாது. அவ்வளவு தான் சூட்சுமம். ஆன்ட்டிபாடி இருந்தா அது உறையோட வெளிப்பக்கமே போய் உக்காந்து காம்ப்ளிமென்ட்டையும் அங்கயே இறக்கிடும், அப்புறம் விழுங்கறது சுலபம். அதனால தான் உறைக்கு எதிரா ஆன்ட்டிபாடி வேணும்னு இவ்வளவு பாடு.

சிலது இதுக்கு மேலயும் போகும். பிரசவ நேரத்துல அம்மாகிட்டேர்ந்து குழந்தைக்கு வர்ற குரூப் பி ஸ்ட்ரெப், அதோட உறைச் சங்கிலி முனைல சியாலிக் ஆசிட்னு ஒரு சர்க்கரை இருக்கு, அது நம்ம செல்லுங்க மேலயும் இருக்கற அதே சர்க்கரை. உடம்பு அதைப் பாத்து நம்ம ஆளு தான்னு விட்டுடுது.

ஆனா எப்பவும் கெட்டியா போத்திக்கிட்டே இருந்தா மூக்குக்குள்ள செல் மேல ஒட்டவே முடியாது. அதனால நிமோகாக்கஸ் மூக்குல இருக்கறப்ப உறையை மெலிசாக்கிக்கும், ரத்தத்துக்குப் போனா கெட்டியானதுங்க தான் பிழைக்கும்.

உறை தான் ஆயுதம்னு எப்படி நிரூபிச்சாங்க?

ரெண்டு பரிசோதனை சொல்றேன். 1928ல லண்டன்ல ஃபிரெடெரிக் கிரிஃபித் எலிங்களுக்கு நிமோகாக்கஸ் போட்டுப் பாத்தார். உறை இல்லாத சொரசொர ரகம் போட்டா எலி பிழைக்குது, உறை உள்ள வழவழ ரகம் போட்டா சாவுது, உறை உள்ளதை சூடு பண்ணிக் கொன்னுட்டுப் போட்டா பிழைக்குது. இது வரைக்கும் எதிர்பார்த்தது தான். கொன்ன உறைக்காரனையும் உயிரோட இருக்கற உறையில்லாதவனையும் கலந்து போட்டா எலி சாவுது, அதோட ரத்தத்துலேர்ந்து உயிருள்ள உறைக்காரன் வெளில வர்றான்! செத்ததுலேர்ந்து எதையோ வாங்கிக்கிட்டு உயிருள்ளது உறை செய்யக் கத்துக்கிச்சு. அந்த எதையோ என்னன்னு தேடித் தான் 1944ல நியூயார்க் ராக்ஃபெல்லர் இன்ஸ்டிடியூட்ல ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி மூணு பேரும் அது டிஎன்ஏன்னு சொன்னாங்க. பரம்பரைப் பொருள் டிஎன்ஏங்கற விஷயமே இந்தச் சர்க்கரை உறை வழியா கிடைச்சது, ஆனா ஸ்கூல் பாடத்துல உறையை ஒரு வரில தாண்டிப் போயிடறாங்க, எனக்கு அதுல வருத்தம் உண்டு.

இன்னொண்ணு 1930ல. அதே ஏவரி லேப்ல ரெனே டுபோஸ்னு ஒருத்தர், கிரான்பெர்ரி விளையற சதுப்பு மண்ணுலேர்ந்து ஒரு பாக்டீரியாவைத் தேடிப் பிடிச்சார், அது டைப் 3 உறையைத் தின்னு வாழற ஆளு. அதோட என்சைமைப் பிரிச்சு எலிக்குக் கொடுத்தா டைப் 3 நிமோகாக்கஸ் உறை உரிஞ்சு போய் வெள்ளணுகிட்ட மாட்டிக்குது, எலி பிழைக்குது. அந்த என்சைம் நிமோகாக்கஸைக் கொல்லல, மேல இருக்கறதை உரிச்சது, அவ்வளவு தான். மருந்தா வரல, அதுக்குள்ள சல்ஃபாவும் பெனிசிலினும் வந்துடுச்சு.

ஒரே கிருமிக்கு எதுக்கு இத்தனை நம்பர்? பிசிவி 10, 13, 20னு டாக்டர் சொல்றார், குழப்பமா இருக்கு.

நிமோகாக்கஸ்ல மட்டும் 100க்கு மேல உறை வகை இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு சீரோடைப் நம்பர். 14க்கு எதிரா வந்த ஆன்ட்டிபாடி 19ஏவைக் கண்டுக்காது. இதை 1910 வாக்குலயே ஜெர்மனில நாய்ஃபெல்ட் கூட்டம் கண்டுபிடிச்சுட்டாங்க, அவர் 1902ல சொன்ன டெஸ்ட் இன்னிக்கும் நடக்குது, ஒரு சொட்டு கல்ச்சரோட (லேப்ல வளத்த கிருமி) அந்த டைப்புக்கான சீரத்தை, அதாவது ஆன்ட்டிபாடி இருக்கற ரத்தத் தெளிநீரை, கலந்து மைக்ரோஸ்கோப்ல பாத்தா உறை உப்பின மாதிரி தெளிவா தெரியும், வேற டைப் சீரம்னா ஒண்ணும் ஆகாது. 1930கள்ல அமெரிக்கால நிமோனியா பேஷண்ட் வந்தா சளியை எடுத்து இந்த டெஸ்ட் பண்ணி என்ன டைப்னு பாத்துட்டுத் தான் அந்த டைப்புக்கான குதிரை சீரமோ முயல் சீரமோ ஏத்துவாங்க.

ஆக ஊசிப் பேருக்குப் பக்கத்துல இருக்கற நம்பர் எத்தனை உறை அதுல இருக்குங்கற கணக்கு. நம்ம அரசு ஊசியா இப்ப போடறதுல புனே சீரம் இன்ஸ்டிடியூட்டோட 10 வகை ஊசி ஒண்ணு, அதுல 1, 5, 6ஏ, 6பி, 7எஃப், 9வி, 14, 19ஏ, 19எஃப், 23எஃப் இருக்கு. இது இந்தியா, ஆப்பிரிக்கா மாதிரி ஊர்கள்ல எந்த டைப் குழந்தைங்களை அதிகம் படுக்க வைக்குதுன்னு பாத்து எடுத்த லிஸ்ட், அதனால 13ஐ விட 3 கம்மின்னு கவலைப்பட வேண்டாம், விட்டுப்போன மூணுல ஒண்ணு டைப் 3, அது 13க்குள்ள இருந்தும் பெருசா பலன் தராத ஆளு. ஏன்னா அதோட உறை செல் சுவரோட கெட்டியா ஒட்டிக்கலை, கழண்டு கழண்டு விழும், வர்ற ஆன்ட்டிபாடி எல்லாம் கழண்டு விழுந்த சர்க்கரைலயே ஒட்டி வீணாப் போகுது.

பெரிய நம்பர் தான் நல்ல ஊசின்னு நினைச்சு பிரைவேட்ல ஆயிரக்கணக்குல செலவு பண்ணியே ஆகணும்னு கட்டாயம் இல்ல, இது என் கருத்து. நம்ம ஊர்ல எந்த உறை சுத்துது, எந்த வயசுக்குப் போடறோம், இந்த ரெண்டு தான் கேக்க வேண்டிய கேள்வி.

பெரியவங்களுக்கு முன்னாடியே ஊசி இருந்துச்சாமே, குழந்தைக்கு ஏன் அவ்வளவு லேட்?

இருந்துச்சு. 1923ல ஏவரியும் ஹைடெல்பெர்கரும் நிமோகாக்கஸ் உறை சர்க்கரைன்னு காட்டினாங்க, அது வரைக்கும் புரோட்டீனுக்குத் தான் உடம்பு எதிர்ப்பு காட்டும்னு எல்லாரும் நம்பிக்கிட்டு இருந்தாங்க. 1945ல மெக்லியாட் அமெரிக்க விமானப்படை ஆளுங்களுக்கு 1, 2, 5, 7 நாலு டைப் சுத்தமான சர்க்கரையை ஊசியா போட்டு நிமோனியா குறையறதைக் காட்டினார். கடைக்குக்கூட வந்துச்சு, ஆனா பெனிசிலின் வந்த ஜோர்ல யாரும் வாங்கல, கம்பெனி நிறுத்திட்டாங்க. ராபர்ட் ஆஸ்ட்ரியன்னு ஒருத்தர் மட்டும் விடல, பெனிசிலின் கொடுத்தும் ரத்தத்துல நிமோகாக்கஸ் ஏறினவங்க முதல் சில நாள்லயே சாகறாங்கன்னு கணக்கு எடுத்துக் காட்டி, தென்னாப்பிரிக்கா தங்கச் சுரங்கத் தொழிலாளிங்க மேல திரும்ப ட்ரயல் பண்ணி, 1977ல 14 வகை ஊசி வந்துச்சு, 1983ல 23 வகை.

ஆனா 2 வயசுக்குக் கீழ இது வேலைக்கு ஆகல. இதுக்கு நல்ல சாட்சி பின்லாந்து. 1974ல அங்க கிட்டத்தட்ட ஒரு லட்சம் குழந்தைங்க, பாதிப் பேருக்கு ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி, குழந்தைங்களுக்கு மூளைக்காய்ச்சல் தர்ற பாக்டீரியா) உறைச் சர்க்கரை, மீதிப் பேருக்கு மெனிங்கோகாக்கஸ் ஏ (மூளைக்காய்ச்சல் தர்ற இன்னொரு பாக்டீரியா) சர்க்கரை. ஒன்றரை வயசுக்கு மேல ஹிப் ஊசி அருமையா காப்பாத்துச்சு, அதுக்குக் கீழ சுத்தமா இல்ல. ஹிப் மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் வர்றதே அந்த ஒன்றரை வயசுக்குள்ள தான், அப்ப ஊசி யாருக்கு?

காரணம் இது தான். வெறும் சர்க்கரையைப் பாத்தா பி செல் (ஆன்ட்டிபாடி செய்யற வெள்ளணு) தனியாவே கொஞ்சம் ஆன்ட்டிபாடி செய்யும், டி செல் (அதுக்கு உதவற இன்னொரு வெள்ளணு) உதவி கிடைக்காது, ஏன்னா டி செல்லுக்குப் பொதுவா புரோட்டீன் துண்டைக் காட்டினா தான் புரியும். டி செல் வரலைன்னா நினைவு செல் உருவாகாது, பூஸ்டர் போட்டாலும் ஏறாது. சின்னக் குழந்தைங்களோட பி செல் அந்தத் தனி வேலையைக்கூட சரியா செய்யாது.

அப்புறம் எப்படி சரி பண்ணாங்க?

சர்க்கரையை ஒரு புரோட்டீனோட கெமிக்கலா கட்டி விட்டாங்க, கான்ஜுகேட் ஊசின்னு பேரு. பி செல் சர்க்கரையைப் பிடிச்சு உள்ள இழுக்கறப்ப கூடக் கட்டியிருக்கற புரோட்டீனும் சேந்து உள்ள போகுது, பி செல் அந்தப் புரோட்டீனைத் துண்டாக்கி வெளில காட்டுது, டி செல் அதைப் பாத்து ஓடி வந்து உதவி பண்ணுது, ஆனா பி செல் செய்யற ஆன்ட்டிபாடி சர்க்கரைக்கு எதிரானது. நினைவும் உண்டு, பூஸ்டரும் ஏறும், ஒன்றரை மாசக் குழந்தைக்கும் வேலை செய்யும்.

கட்டற புரோட்டீனுக்கு பெரும்பாலும் டெட்டனஸ் டாக்ஸாய்டு (விஷத்தன்மை நீக்கின டெட்டனஸ் விஷம்), இல்லன்னா சிஆர்எம்197, இது டிஃப்தீரியா விஷத்துல ஒரே ஒரு அமினோ ஆசிட் மாறிப் போய் விஷத்தன்மை இல்லாமப் போன ரகம்.

வேடிக்கை என்னன்னா இந்த ஐடியா பழசு. 1931லயே ஏவரியும் கோபலும் டைப் 3 சர்க்கரையை குதிரை சீரம் புரோட்டீனோட கட்டி முயலுக்குப் போட்டு ஆன்ட்டிபாடி வர்றதைக் காட்டிட்டாங்க. 50 வருஷம் அலமாரில கிடந்துச்சு. அமெரிக்கால ராபின்ஸ், ஷ்னீர்சன் ஒரு பக்கம், டேவிட் ஸ்மித், போர்ட்டர் ஆண்டர்சன் இன்னொரு பக்கம்னு அதைத் தூசி தட்டி ஹிப்புக்கு செஞ்சாங்க, 1987ல முதல் கான்ஜுகேட் ஊசிக்கு லைசென்ஸ், 1990ல கைக்குழந்தைக்கே. அமெரிக்கால வருஷத்துக்கு சுமார் 20,000 குழந்தைங்களைப் படுக்க வச்ச ஹிப் நோய் 99 சதவீதம் குறைஞ்சு போச்சு. இந்தியாவுல ஹிப் பென்டாவேலன்ட்டுக்குள்ள வந்தது 2011 டிசம்பர்ல, முதல்ல ஆரம்பிச்ச ரெண்டு மாநிலம் தமிழ்நாடும் கேரளாவும் தான். பிசிவி நாடு முழுக்க வர 2021 ஆச்சு.

கியூபா கதை தனி. ஹவானா பல்கலைக்கழகத்துல வெரெஸ் பென்கோமோ குழு, ஹிப் சர்க்கரையை பாக்டீரியாவே இல்லாம கெமிஸ்ட்ரி லேப்லயே கோத்து ஊசி ஆக்கி 2004ல வெளியிட்டாங்க, அந்த நாட்டுப் பிள்ளைங்களுக்கு அதையே போட்டாங்க. பொருளாதாரத் தடைக்கு நடுவுல இதை செஞ்சாங்கங்கறதை நினைச்சா இன்னும் பெருசா தெரியுது.

ஊசில சர்க்கரை இருக்குன்னா சுகர் பேஷண்ட் போடலாமா? சுகர் ஏறாதா?

ஏறாது. 13 வகை பிசிவி ஒரு டோஸ்ல இருக்கற மொத்த சர்க்கரையே சுமார் 31 மைக்ரோகிராம். ஒரு டீஸ்பூன் சீனில 40 லட்சம் மைக்ரோகிராம் இருக்கு. சொல்லப்போனா சுகர் இருக்கற பெரியவங்களுக்கு நிமோகாக்கஸ் வந்தா மோசமாகற வாய்ப்பு ஜாஸ்தி, அவங்க தான் டாக்டர்கிட்ட கேட்டுப் போட்டுக்கணும்.

டைபாய்டு ஊசி போட்டும் டைபாய்டு வந்துச்சே?

ரெண்டு மூணு காரணம் இருக்கலாம். டைபாய்டு கிருமியோட உறைக்கு விஐ ஆன்டிஜென்னு பேரு, 1934ல ஃபீலிக்ஸும் பிட்டும் கண்டுபிடிச்சது. ஊசி அந்த விஐக்கு எதிரா தான். பாராடைபாய்டு 'ஏ'ங்கற இன்னொரு கிருமி இருக்கு, காய்ச்சல் பாக்க ஒரே மாதிரி, ஆனா அதுக்கு விஐ உறையே கிடையாது, ஊசியால அதைத் தடுக்க முடியாது. அதோட ஓ சர்க்கரையை வச்சு தனி ஊசி ட்ரயல்ல இருக்கு.

அடுத்தது, உங்களுக்கு வந்தது டைபாய்டு தானான்னே எனக்கு சந்தேகம். வைடால் (டைபாய்டுக்கு எடுக்கற ரத்த டெஸ்ட்) பாசிட்டிவ்னு ஒரு சீட்டை வச்சுக்கிட்டு சொல்றவங்க தான் அதிகம். வைடால் பாக்கறது ஓ, ஹெச் ரெண்டுக்கும் எதிரான ஆன்ட்டிபாடியை, ஓ சர்க்கரை, ஹெச் வாலோட புரோட்டீன். எப்பவோ வந்து போன காய்ச்சலுக்கும் அது பாசிட்டிவ் காட்டும், வேற சால்மொனெல்லாவுக்கும் காட்டும். ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பிளட் கல்ச்சர் (ரத்தத்துலேர்ந்து கிருமியை வளத்துப் பாக்கற டெஸ்ட்) எடுங்கன்னு நாங்க கத்திக்கிட்டே இருக்கோம், ரெண்டு மாத்திரை போட்டுட்டுத் தான் வர்றாங்க.

மூணாவது, பழைய ஊசி வெறும் விஐ சர்க்கரை, 2 வயசுக்கு மேல தான் போட முடியும், சில வருஷத்துல பலன் இறங்கிடும். இப்ப வர்றது டெட்டனஸ் டாக்ஸாய்டோட கட்டினது, ஹைதராபாத் பாரத் பயோடெக் செஞ்சதுக்கு உலக சுகாதார நிறுவனம் அங்கீகாரம் கொடுத்துச்சு, 6 மாசக் குழந்தைக்கே போடலாம், நேபாளம், பங்களாதேஷ், மலாவில நடந்த ட்ரயல்கள்ல 80 சதவீதத்தை ஒட்டி பலன். பாகிஸ்தான்ல சிந்து மாகாணத்து ஹைதராபாத் பக்கம் 2016லேர்ந்து பெரும்பாலான மருந்துகளுக்கு அடங்காத டைபாய்டு பரவினதுல அவங்க தான் 2019ல முதல் நாடா தேசிய அட்டவணைல சேத்தாங்க. நம்ம தேசிய அட்டவணைல இன்னும் இல்ல, பிரைவேட்ல தான் போடணும். 2017லேர்ந்து 2020 வரைக்கும் வேலூர், டெல்லி, கொல்கத்தா, புனே பக்கம் குழந்தைங்களைத் தொடர்ந்து பாத்த ஆய்வுல, நகர்ப்புறப் பகுதிகள்ல ஒரு லட்சம் குழந்தைங்களை ஒரு வருஷம் கவனிச்சா 576லேர்ந்து 1173 பேர் வரைக்கும் டைபாய்டு, கிராமப்புறப் புனேல 35. இந்தக் கணக்கைப் பாத்துட்டு, குறைஞ்சது நகரங்கள்ல இலவசமா ஆரம்பிச்சிருக்கணும்னு தான் எனக்குத் தோணுது.

மெனிஞ்சைட்டிஸ் (மூளைக்காய்ச்சல்) ஊசில ஏ, சி, ஒய், டபிள்யூ இருக்கு, பி மட்டும் ஏன் தனி?

மெனிங்கோகாக்கஸ் பியோட உறை முழுக்க சியாலிக் ஆசிட் சங்கிலி, வயித்துல வளர்ற குழந்தையோட நரம்பு செல் மேல இருக்கறதும் அச்சு அசல் அதே சங்கிலி. உடம்பு அதுக்கு எதிரா ஆன்ட்டிபாடி செய்யவே தயங்கும், கஷ்டப்பட்டு செய்ய வச்சா நம்மளையே தாக்கிடுமோன்னு பயம் வேற. அதனால பிக்கு சர்க்கரையை விட்டுட்டு, கிருமியோட ஜீனோமை முழுசா படிச்சு மேல்பரப்புப் புரோட்டீன்களைத் தேடி எடுத்து ஊசி செஞ்சாங்க, 2013ல ஐரோப்பால வந்துச்சு. பிறந்த குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் தர்ற ஈ கோலை கே1க்கும் இதே உறை தான், அதுக்கு இன்னும் ஊசி கிடையாது.

மெனிங்கோகாக்கஸ் 'ஏ' வகையோட கதை சந்தோஷமானது. செனகல்லேர்ந்து எத்தியோப்பியா வரைக்கும் ஆப்பிரிக்கா குறுக்கால மெனிஞ்சைட்டிஸ் பெல்ட்னு சொல்வாங்க, 1996-97ல மட்டும் அங்க 2.5 லட்சம் பேருக்கு வந்து 25,000 பேர் செத்துப் போனாங்க, முக்கியமா குரூப் ஏ. அந்த நாட்டு அரசுங்க ஒரு டோஸ் 50 அமெரிக்க சென்ட்டைத் தாண்டினா எங்களால முடியாதுன்னு வெளிப்படையா சொன்னாங்க. அந்த விலைக்குள்ள செஞ்சு கொடுத்தது புனே சீரம் இன்ஸ்டிடியூட், சர்க்கரையைப் புரோட்டீனோட கட்டற முறை அமெரிக்க எஃப்டிஏ (மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) லேப்லேர்ந்து வந்துச்சு. 2010 டிசம்பர்ல புர்கினா ஃபாசோல ஆரம்பிச்சாங்க, 40 டிகிரி வெயில்ல 4 நாள் வரைக்கும் ஐஸ் பெட்டி இல்லாமயே எடுத்துட்டுப் போகலாம்னு பிறகு அனுமதியும் கிடைச்சுது. 2017க்கு அப்புறம் அந்தப் பகுதில குரூப் ஏ கேஸ் உறுதியாகவே இல்ல. இப்ப ஏ, சி, டபிள்யூ, ஒய், எக்ஸ் அஞ்சும் சேத்த ஊசி 2024ல நைஜீரியால ஆரம்பிச்சிருக்கு.

ஊசி போடாதவங்களுக்கும் பலன் உண்டுன்னு சொல்றாங்களே?

கான்ஜுகேட்டுக்கு அது உண்டு. குழந்தைங்க மூக்குல அந்த டைப் தங்கறதே குறைஞ்சுடுது. அமெரிக்கால 2000ல குழந்தைங்களுக்கு 7 வகை ஊசி ஆரம்பிச்சதும் ஊசியே போடாத தாத்தா பாட்டிங்களுக்கு அந்த டைப் நோய் குறைஞ்சுது. ஆனா காலியான இடத்துல ஊசில இல்லாத 19ஏ வந்து உக்காந்துச்சு, அதுக்காக 2010ல 13 வகை கொண்டு வந்தாங்க. இந்தத் துரத்தல் இன்னும் முடியல.

எல்லா பாக்டீரியாவுக்கும் இப்படியே செஞ்சுடலாமே?

முயற்சி பண்ணாங்க, எல்லாத்துலயும் ஜெயிக்கல. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் உறை 5, 8 ரெண்டையும் வச்சு செஞ்ச ஊசி டயாலிசிஸ் பேஷண்ட்டுங்க மேல நடந்த பெரிய ட்ரயல்ல 2005ல தோத்துச்சு, அதே உறைகளோட ரெண்டு புரோட்டீனையும் சேத்து முதுகுத்தண்டு ஆபரேஷன் பேஷண்ட்டுங்களுக்குப் போட்டுப் பாத்த இன்னொண்ணும் 2018ல நிறுத்தப்பட்டுச்சு. அந்தக் கிருமிகிட்ட உறை தவிர வேற ஆயுதம் நிறைய.

குரூப் பி ஸ்ட்ரெப்ல நம்பிக்கை இருக்கு. 1976லயே பேக்கரும் காஸ்பரும் அம்மா ரத்தத்துல உறைக்கு எதிரான ஆன்ட்டிபாடி கம்மியா இருந்தா தான் குழந்தைக்கு நோய் வருதுன்னு காட்டிட்டாங்க. அதனால கர்ப்பிணிக்கே போட்டு, ஆன்ட்டிபாடி நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்குப் போற மாதிரி 6 வகை கான்ஜுகேட் ஒண்ணு ட்ரயல்ல இருக்கு. கிளெப்சியெல்லா தான் நம்ம நாட்டுக்கு ரொம்ப அவசரம், பச்சைக்குழந்தை வார்டுல எந்த ஆன்டிபயாடிக்கும் கேக்காத ரகம் சுத்துது, ஆனா உறை வகையே 77க்கு மேல, எதை எடுக்கறது எதை விடறதுன்னு முழிக்கறாங்க. ஓ சர்க்கரை வகை கம்மி, ஆனா கெட்டி உறை அதை மறைச்சுடுது.

ரத்த குரூப்புக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. ஏ, பி ரத்த குரூப்பும் செல் மேல இருக்கற சர்க்கரை தான். ஓ குரூப் ஆளுக்கு யார் ரத்தமும் ஏறாமயே ஏ, பிக்கு எதிரா ஆன்ட்டிபாடி இருக்கு, குடல் பாக்டீரியா மேல இருக்கற அதே மாதிரி சர்க்கரையைப் பாத்துப் பாத்து வந்ததுன்னு சொல்றாங்க. 1959ல கிருமியே இல்லாம வளத்த கோழிக்குஞ்சுல பார்த்தப்ப பிக்கு எதிரான ஆன்ட்டிபாடி வரவே இல்ல.

மண்ணீரல் எடுத்தவங்களுக்கு ஏன் இந்த ஊசிங்க கட்டாயம்?

உறை போட்ட பாக்டீரியாவை ரத்தத்துலேர்ந்து வடிகட்டறதுல மண்ணீரல் தான் பெரிய ஆளு, சர்க்கரைக்கு எதிரா தனியா வேலை செய்யற பி செல்லும் அங்க தான் அதிகம். ஆக்சிடென்ட்லயோ தலசீமியாவுக்கோ எடுத்துட்டா நிமோகாக்கஸ் ஒரே நாள்ல ஆளைக் கவுத்துடும். நாள் குறிச்சு எடுக்கறதா இருந்தா ரெண்டு வாரம் முன்னாடியே நிமோகாக்கஸ், ஹிப், மெனிங்கோகாக்கஸ் போட்டுடணும். போட்டாலும் குளிர் காய்ச்சல் வந்தா காலைல பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது, ராத்திரியே ஆஸ்பத்திரி, மண்ணீரல் இல்லன்னு முதல் வார்த்தையா சொல்லணும்.

பென்டாவேலன்ட் போட்ட ராத்திரி காய்ச்சல் அடிக்குது, இந்தச் சர்க்கரையாலயா?

பெரும்பாலும் இல்ல. அதுக்குள்ள முழு செல் கக்குவான் இருமல் பாகம் இருக்கு, காய்ச்சலும் தொடை வீக்கமும் முக்கியமா அதனால. டாக்டர் சொன்ன அளவு பாராசிட்டமால் போதும்.

ஊருக்குப் போனதுல டோஸ் விட்டுப்போச்சு, முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமா?

வேண்டாம். பென்டா 6, 10, 14 வாரம், பிசிவி 6, 14 வாரம் அப்புறம் 9 மாசம், இது கணக்கு. 1 வயசுக்குள்ள முதல் டோஸ் போட்டிருந்தா விட்ட இடத்துலேர்ந்து தொடருவாங்க. ஒண்ணுமே போடாம 1 வயசு தாண்டிட்டா குழந்தை டாக்டரைப் பாருங்க, வயசு ஏற ஏற தேவைப்படற டோஸ் குறையும், 5 வயசு தாண்டின ஆரோக்கியமான குழந்தைக்கு ஹிப் தேவையே இல்ல. புதன்கிழமை பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கார்டை எடுத்துட்டுப் போங்க, கார்டு தொலைஞ்சிருந்தாலும் போங்க, போட்ட இடத்துல ரெஜிஸ்டர் இருக்கும், கேட்டு எழுதிக் கொடுப்பாங்க.